குழாய்க்கு ஏற்ற குரல்

எங்கள் தொழிலில் ஒரு பாடகரைப் படத்தின் பெயரால் அடையாளம் சொல்ல மாட்டோம். மாதத்தின் பெயரால் சொல்வோம். கார்த்திகை பிறந்து ஊரில் நாலு பேர் மாலை போட்டுவிட்டால் கே. வீரமணி. மார்கழி விடியலுக்கு எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவை. பங்குனி உத்திரத்துக்கு டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள். மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ மீலாது விழா என்றால் நாகூர் ஹனிபா. ஆடி முதல் தேதியிலிருந்து கடைசி வெள்ளி வரை எல்.ஆர். ஈஸ்வரி. ரேடியோ செட் வைத்துப் பிழைக்கிற எவரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கும் திமிரிதான் என் ஊர். அரைக்கால் சட்டை வயதில் இங்கே ஒரு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒயர் சுற்றுவது, குழாயைத் தோளில் சுமந்து மரம் ஏறுவது, பிளேட்டைத் துணியால் துடைத்து உறையில் போடுவது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. மீலாது விழாவுக்கு எவ்வளவு சிரத்தையாக வயர் இழுப்பாரோ, அதே சிரத்தையோடு மாரியம்மன் கோயிலுக்கும் இழுப்பார். "கூழு ஊத்துற வூட்டுக்குப் போறப்ப ஈஸ்வரி பிளேட்ட மொதல்ல எடுத்து வையிடா. மத்ததெல்லாம் அப்பறம்" என்பார். அவர் அதற்குக் காரணம் சொன்னதில்லை. தனியாக செட் வைத்துத் தொழில் நடத்தத் தொடங்கிய பிறகு காரணம் எனக்கே விளங்கிற்று. பெரிய இடம் கைவிட்ட ஒரு பாடகருக்கு இரண்டாவது வாழ்க்கை எங்கிருந்து கிடைக்கிறது என்பதை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈஸ்வரியம்மாவின் கதை பலருக்கும் பாதி தெரியும். 1939ல் சென்னையில் ஒரு கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் அந்த வரிசையில்தான் முதலில் நின்றார். தனிக்குரலாகப் பாட 1958ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் வாய்ப்புக் கொடுத்தார். எம்.எஸ். ராஜேஸ்வரி என்று ஏற்கெனவே ஒரு பாடகி இருந்ததால் ராஜேஸ்வரி என்ற இவர் பெயரை எல்.ஆர். ஈஸ்வரி என்று மாற்றியவர் ஏ.பி. நாகராஜன். 1961ல் 'பாசமலர்' வந்தது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் அதில் இவர் பாடிய கல்யாணப் பாட்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் துள்ளலான பாட்டு, கிளப் பாட்டு, கிண்டல் பாட்டு எதுவானாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். 1968ல் 'பணமா பாசமா'வின் எலந்தப்பழப் பாட்டு. 1969ல் 'சிவந்த மண்'ணில் சவுக்கடி ஓசைக்கு நடுவே ஒரு பாட்டு. 1972ல் 'வெள்ளி விழா'வில் வி. குமார் இசையில் காதோடு பேசுகிற மாதிரி ஒரு மென்மையான பாட்டு. கூவவும் தெரியும், முணுமுணுக்கவும் தெரியும் என்று காட்டிய குரல் அது.

1970களின் பிற்பகுதியில் அந்த அழைப்புகள் குறைந்தன. இசையமைப்பு மாறிற்று, கதாநாயகிகள் மாறினார்கள், கிளப் நடனக் காட்சிகளும் பழைய மாதிரி இல்லை. சினிமாவில் ஒரு குரலுக்கு வேலை குறைந்தால் யாரும் கடிதம் எழுதித் தெரிவிப்பதில்லை. புதுப் படத்துப் பிளேட்டில் அந்தப் பெயர் வராமல் போகும், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்களுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் கேட்கிற பாட்டைத்தானே நாங்கள் வாங்க வேண்டும்? படம் ஓடுகிற மாதங்களில் ஒரு பாட்டை நாளெல்லாம் கேட்பார்கள். அடுத்த படம் வந்ததும் அந்தப் பிளேட் பெட்டியின் அடிக்குப் போய்விடும். ஈஸ்வரியம்மாவின் கிளப் பாட்டுகளில் பலவும் அப்படி அடிக்குப் போனவைதான். அடிக்குப் போகாமல் மேலேயே நின்ற சினிமாப் பாட்டு அந்தப் 'பாசமலர்' கல்யாணப் பாட்டு. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்ணை அழைத்து வரும்போது அதைப் போடாவிட்டால் பெண் வீட்டார் ஆள் அனுப்புவார்கள். படத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டு தெரியும். காரணம் ஒன்றுதான்: அந்தப் பாட்டுக்கு ஊர் வாழ்க்கையில் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளை வரும்போதெல்லாம் பாட்டும் வந்தாக வேண்டும்.

அம்மன் பாடல்கள் அவருக்குக் கொடுத்தது அதைத்தான்: ஒரு மாதத்தையே கொடுத்தன. 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே' என்று தொடங்கும் பாடல்கள் எந்தப் படத்தையும் நம்பி வந்தவை அல்ல. கதாநாயகி இல்லை, போஸ்டர் இல்லை, தியேட்டர் இல்லை. ஆடி பிறந்தது, கோயில்களில் காப்புக் கட்டினார்கள், இந்தப் பாடல்கள் ஒலித்தன. அடுத்த ஆடியிலும் ஒலித்தன. சினிமாப் பாட்டுக்கு வயதாகும். இந்தப் பாட்டுகளுக்கு ஒவ்வோர் ஆடியிலும் முதல் நாள்தான்.

ஆனால் அம்மன் பாட்டு பாடியவர்கள் எத்தனையோ பேர். ஏன் இவர் குரல் மட்டும் இப்படி நிலைத்தது? பக்தி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அது போதாது. குழாயைத் தெரிந்தவனுக்கு இன்னொரு காரணம் தெரியும்.

மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரின் பின்பக்கம் யூனிட் என்று ஒன்றைத் திருகுவோம். அதற்குள் மெல்லிய டயாபிரமும் அதோடு ஒட்டிய காயிலும் இருக்கும். தூரம் போவதற்காகவே செய்த சாதனம் இது, இனிமைக்காகச் செய்யவில்லை. கனத்த ஒலிகள் இதில் வராது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் குழாயிலேயே தங்கிவிடும். மிக நுணுக்கமான உச்ச ஒலிகளும் தேயும். நடுவில் உள்ளது மட்டும் ஏரிக்கரை தாண்டிப் போகும். மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதும் அந்த நடுப்பகுதியில்தான். ஆகவே அடிவயிற்றிலிருந்து கனமாக வரும் ஆண் குரல் குழாயில் பாதி தொலைந்துவிடும். குழைவான, காற்றோடு கலந்த குரலும் கரைந்துவிடும். ஈஸ்வரியம்மாவின் குரலில் பலமெல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் பல்லில் கடித்துத் துப்பின மாதிரி தனித்தனியாக உச்சரிப்பார். 'த்தா' என்று அவர் அழுத்தினால் அடுத்த ஊர் களத்துமேட்டில் நிற்பவருக்கும் அது 'த்தா' என்றே கேட்கும். அந்தப் பாடல்களின் இசையும் அப்படித்தான் அமைந்தது: உடுக்கை, பம்பை, நாதஸ்வரம் என்று வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியங்களின் சாயல். ஸ்டூடியோவில் பாடிய பாட்டுதான். ஆனால் வெட்டவெளிக்கு அது புதிதில்லை.

ஆடிக்காற்று இதில் இன்னொரு சங்கதி. அந்த மாதம் மேற்கிலிருந்து காற்று அம்மியை நகர்த்துகிற வேகத்தில் அடிக்கும். காற்று போகிற திசையில் சத்தமும் தாழ்ந்து தூரம் போகும். எதிர்த்திசையில் சத்தம் மேலே எழும்பி, கொஞ்ச தூரத்திலேயே காதுக்கு எட்டாமல் போய்விடும். அதனால் கோயிலுக்கு மேற்கே வீடுகள் இருந்தால் குழாயைக் கோயிலில் கட்டிப் பயனில்லை. ஒயரை இழுத்துக்கொண்டு போய் மேற்கு எல்லையில் இருக்கும் புளியமரத்தில் கட்டி, ஊர்ப்பக்கம் வாயைத் திருப்ப வேண்டும். பாய் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் இது ஒன்று. அப்படிக் கட்டியும் காற்று வீசி வீசி பாட்டை அறுக்கும். வரியில் பாதி காதில் விழும், பாதி விழாது. அறுந்த பாதியைக் கேட்பவர் மனதுக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சொல்லும் தனியே நிற்கிற பாட்டில்தான் அது முடியும்.

கலவைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் ஆடி வெள்ளி. பொழுது சாய்கிற நேரம். பம்பைக்காரர்கள் வந்து தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்கரகம் ஜோடித்து முடிந்திருந்தது. அண்டாவில் கேழ்வரகுக் கூழ். வீட்டுக்கு வீடு சொம்பிலும் தவலையிலும் கொண்டுவந்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு புதுப்படப் பக்திப் பாட்டைப் போட்டிருந்தேன். விழாக்குழுப் பையன்கள் கேட்டது. ஒரு கிழவி நேரே என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, பம்ப வந்து நிக்குது, ஈஸ்வரிய இன்னும் காணோம்?"

"தோ போடறேன் ஆயா."

பாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. ஈஸ்வரியைக் காணோம் என்றார். பம்பைக்காரர்கள் வந்துவிட்டார்கள், பூசாரி வந்துவிட்டார், வரவேண்டிய இன்னொருவர் வரவில்லை என்கிற கணக்கு அது. முதல் வரி எழும்பியதும் அண்டாவைச் சுற்றி நின்ற பெண்களின் உதடுகள் அசைந்தன. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மேல்தோல் ஒட்டுகிற சொலுஷன் அவள் விரல் நுனிகளில் காய்ந்து தோலாக நின்றது. கூழ் ஊற்றிக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் பாட்டு முழுவதையும் பாடினாள். அந்தப் பாட்டு வெளிவந்தபோது அவள் தாய்க்கே கல்யாணம் ஆகியிருக்காது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆடிக்கு ஆடி குழாய் சொல்லிக் கொடுத்தது.

பிளேட் காலத்தில் இதை ஓட்டுவது லேசான வேலை இல்லை. சின்னப் பிளேட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்ப வேண்டும். முள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மழைத் தூறலில் பிளேட் நனையாமல் காக்க வேண்டும். கேசட் வந்ததும் எங்களுக்கு உட்கார நேரம் கிடைத்தது. பாடகர்களுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. அதுவரை பாட்டை வெளியிடப் பெரிய கம்பெனி ஒன்றின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. 1980களில் கேசட் மலிவானதும் ஊருக்கு ஊர் சிறு கம்பெனிகள் முளைத்தன. பக்திப் பாட்டும் கிராமியப் பாட்டும் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கின. சினிமா கூப்பிடாதவர்களும் சினிமா கூப்பிட்டு முடித்தவர்களும் கேசட்டில் பாடிப் பிழைக்க ஒரு வழி திறந்தது. ஈஸ்வரியம்மாவின் பழைய அம்மன் பாட்டுகளும் அந்த வழியில் டீக்கடை, டிராக்டர், கம்பெனி வேன் வரை போயின. செவ்வாய், வெள்ளியில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போகிற வேன்களில் காலையில் முதல் பாட்டு இன்றும் அவருடையதுதான்.

என் அக்கா மகன் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறான். இந்தப் பேச்சை எடுத்தபோது அவன்தான் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் கதையைச் சொல்லி, பாட்டையும் போட்டுக் காட்டினான். அந்த நாட்டின் கிராமத்துப் பாட்டு மரபில் வந்த பெரிய பாடகர் அவர். 1958லிருந்து கொலம்பியா கம்பெனிக்குப் பாடினார். 1968ல் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன்னால் பாடிப் பதிவு செய்த ஆல்பம் அவருக்குப் பெரும்பேர் தந்தது. 1986ல் அந்தக் கம்பெனி அவரை விட்டுவிட்டது. அடுத்த சில ஆண்டுகள் வேறு கம்பெனியில் இருந்தும் எடுபடவில்லை. பிறகு ராப், ஹெவி மெட்டல் ஆல்பங்கள் செய்து பேர் வாங்கிய ரிக் ரூபின் என்கிற இளைய தயாரிப்பாளர் அவரைத் தேடிப் போனார். பக்கவாத்தியங்களை எல்லாம் விலக்கினார். தன் வீட்டுக் கூடத்திலும் கேஷின் மரவீட்டிலும் அவரை உட்காரவைத்து, ஒரு கிதாரோடு பாடச் சொல்லிப் பதிவு செய்தார். 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' என்ற அந்த ஆல்பம் 1994ல் வந்தது. கேஷுக்கு அப்போது 62 வயது. கிராமி விருது வந்தது, இளம் பிள்ளைகள் அவரைக் கேட்டார்கள், 2003ல் இறக்கும் வரை பாடிக்கொண்டே இருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. கம்பெனி கைவிட்ட பிறகு கேஷுக்கு மிஞ்சியது அவர் குரல். ஒருவர் வந்து அந்தக் குரலை மறைத்துக்கொண்டிருந்தவற்றை எடுத்துவிட்டார். ஈஸ்வரியம்மாவைத் தேடி அப்படி ஒரு தயாரிப்பாளர் வர வேண்டியிருக்கவில்லை. கூழ் ஊற்றுகிற ஊர்கள் இருந்தன. குழாய் கட்டுகிற எங்களைப் போன்றவர்கள் இருந்தோம். அவர் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த வினியோகஸ்தர்கள் நாங்கள்தான் என்று உரிமையோடு சொல்வேன். எந்த ஒப்பந்தத்திலும் எங்கள் பெயர் இல்லை. கடைசியில் சினிமாவே அவரிடம் திரும்பி வந்தது. 2011ல் 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடினார். 2020ல் 'மூக்குத்தி அம்மன்' படத்துக்கு ஆடி மாதப் பாட்டு ஒன்று வேண்டியிருந்தபோது, எண்பது வயதைத் தாண்டிய அவரைத்தான் தேடிப் போனார்கள். ஆடி என்றால் யார் குரல் என்பதை ஊர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தன.

இதில் மனதை உறுத்துகிற கேள்வி ஒன்று உண்டு: பணம். இத்தனை ஆடிகளாக நாங்கள் போட்ட பாட்டுக்குப் பாடியவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது? சட்டப்படி நாங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. உண்மையான மதச் சடங்கில் பதிவு செய்த பாட்டைப் போடுவது உரிமை மீறல் ஆகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. அது சரியான சட்டம்தான். இல்லாவிட்டால் ஏழை ஊர்க் கோயில்களில் குழாயே கட்ட முடியாது. ஆனால் வியாபாரத்துக்குப் போடுகிற இடங்களில் பாடகருக்கும் பங்கு உண்டு என்பதை 2012ல் வந்த திருத்தம்தான் உறுதி செய்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் பாடகர்கள் தங்களுக்கென்று உரிமைச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன்னால் பாடி முடித்த தலைமுறைக்குப் பெரும்பாலும் பாடிய அன்றைய கூலியும் பிறகு கோயில் மேடைக் கச்சேரிகளும்தான் வருமானம். பிளேட் ஊரெல்லாம் ஒலித்ததால்தான் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள் என்பது எங்களுக்கு ஓரளவு ஆறுதல்.

இன்றைக்கும் இது தீர்ந்தபாடில்லை. எங்கள் மாவட்டத்து அரக்கோணத்துப் பிள்ளை அறிவு, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021ல் வெளியாகி உலகமெல்லாம் ஓடிற்று. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024ல் வெளிப்படையாகச் சொன்னார். பிளேட் போய், கேசட் போய், போனில் பாட்டு வருகிற காலத்திலும் கேள்வி மாறவில்லை.

குழாயின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அவை வரம்பு வைத்தன. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கூம்புக் குழாய்களைக் கழற்றச் சொன்னார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும், நோயாளிகள் தூங்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இப்போது பாக்ஸ் ஸ்பீக்கர்தான். ஆனால் பாக்ஸுக்கு வந்த இளைஞர்கள் பேஸை ஏற்றி வைக்கிறார்கள். நெஞ்சு அதிர்கிறது, சொல் கேட்பதில்லை. அம்மன் பாட்டு போடுகிற என் தொழில்காரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள், எக்கோவைத் தொடாதீர்கள். ரீமிக்ஸைத் தள்ளிவைத்துவிட்டுப் பழைய பதிவையே போடுங்கள். உடுக்கை எங்கே விழுகிறது, சொல் எங்கே ஏறுகிறது என்று அப்போது தெரியும். சத்தத்தைக் குறைத்தாலும் பாட்டு நிற்கும்.

புதிதாகப் பாட வருகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. பெரிய கம்பெனி வாய்ப்புக் கொடுத்தால் பாடுங்கள். அதோடு உங்கள் ஊரில் நாற்று நடுகிற நாள், காது குத்துகிற நாள், சாவு எடுக்கிற நாள், கூழ் ஊற்றுகிற நாள் என்று ஏதோ ஒரு நாளுக்கு வேண்டிய பாட்டையும் பாடி வையுங்கள். கம்பெனி விட்டாலும் அந்த நாள் உங்களை விடாது. ஈஸ்வரியம்மா அதற்குச் சாட்சி.

விழாக்குழுக்களிடம் கேட்பது சின்ன விஷயம். கூழ் வார்க்கும் விழா நோட்டீசில் பந்தல்காரர் பெயர், ரேடியோ செட் பெயர், பம்பைக் குழுவின் பெயர் எல்லாம் அச்சாகிறது. நாள் முழுக்க ஊரை எழுப்புகிற பாடகர் பெயர் மட்டும் இல்லை. அதையும் அச்சடியுங்கள். பாட்டுப் போடும் முன் மைக்கில் பாடியவர் பெயரையும், தெரிந்தால் எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் சொல்ல விடுங்கள். கச்சேரி வைக்கிற வசதி உள்ள ஊர்கள் வயதான கிராமியப் பாடகர்களை மேடைக்கு அழைத்து, பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள். என்னிடம் செட் பேச வருகிறவர்களிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில ஊர்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன.